அரண்மனைக்கு அடியில் நெல்

மே மாதம் நாலு சனிக்கிழமை, நாலு நாடகம்.
இரண்டு சிரிப்பு, இரண்டு பாட்டு என்று
மருந்துக்கடை அடைக்கப்பன் நோட்டீஸ் அடித்தார்.
அச்சில் சிரிப்பு 'சிரப்பு' ஆகிவிட்டது.
இருமலுக்கா, சளிக்கா என்று
புதுவயல் முழுக்கக் கேட்டார்கள்.
கேட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள்,
அது வேறு கணக்கு.

எங்கள் கொட்டகை மில்லின் நெற்களம்.
பாதியில் மேடை, பாதியில் அவித்த நெல் காயும்.
அந்த வாடை முதல் வரிசைக்கு இலவசம்.
நான் பகலில் எடைமேடையில் சீட்டு எழுதுகிறவள்,
ராத்திரி படுதாவுக்குப் பின்னால்
ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பவள்.
லாரி ஏறினால் எண் சொல்வேன்,
ராஜா திணறினால் சொல் கொடுப்பேன்.
இரண்டு வேலைக்கும் என் முகம் தேவையில்லை.

ராஜா சூசை, மின்வாரியத்தில் லைன்மேன்.
கம்பத்தில் நடுங்காத கை
காதல் வசனத்தில் நடுங்கும்.
ராணி உமையாள், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்.
'மன்னா' என்று அவள் கூப்பிட்டால்
ஊசிக்குத் திரும்பிப் படுக்கச் சொல்வதுபோல் இருக்கும்.
மந்திரி, பரோட்டாக்கடை காசிம்.
வாய் திறக்கு முன்னே ஜனம் சிரித்துவிடும்.
அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்,
அழுகிற வேஷம் ஒன்று
மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

முதல் வாரம் ஒட்டுமீசை
மாப்பிள்ளையிடமிருந்து மாமியாருக்குப் போனது.
இரண்டாம் வாரம் ஞானதீபத்தின் முழங்கை பட்டு
தூக்குமேடைக் காட்சியில் கீபோர்டு
தானாக டிஸ்கோ வாசித்தது.
வசூல் மூவாயிரத்து நானூற்றுப் பத்து.
மைக்செட்டுக்கே நாலாயிரம்.

மூன்றாம் வாரம், 'ராஜாவுக்குத் தூக்கம் வரவில்லை.'
நாடே கூடி அவரைத் தூங்கவைக்கப் பாடுகிற இடம்.
தாலாட்டின் நடுவே என் நோட்டில் ஒரு சொட்டு விழுந்தது.
'கண்ணே' கரைந்து
'கண்' மட்டும் மிஞ்சியது.

அந்தப் பக்கம் களத்தில்
பதினோரு டன் நெல், திறந்த மேனிக்கு.
எடை போட்டது நான்தானே.

ஆறு வருஷமாகக் கிசுகிசுத்தே பழகிய தொண்டை
என்னைக் கேட்காமல்
"நெல்லு!" என்றது.
கடைசி வரிசை எழுந்து நின்றது.

ராஜா கட்டிலிலிருந்து குதித்தார்.
பலகை கொண்டு தள்ளி, காலால் தள்ளி,
நெல்லைக் கூட்டி அம்பாரமாக்கினோம்.
தார்ப்பாய் இரண்டுதான். போதாது.
அடைக்கப்பன் ஒரு தரம் வானத்தைப் பார்த்தார்,
ஒரு தரம் அரண்மனையை.
எட்டாயிரம் கொடுத்து
தேவகோட்டையில் வரைந்து வாங்கிய படுதா:
பன்னிரண்டு தூண், இரண்டு யானை,
மிச்சக் காசுக்குப் பொடி வண்ணத்தில் ஒரு மயில்,
கழுத்து கொஞ்சம் நீளம்.
"அவுருங்கடா" என்றார்.
அந்த வசனம் என் நோட்டில் இல்லை.

சூசை மூங்கிலேறிக் கயிற்றை அறுத்தான்.
மூலைக்கு மூலை ஆள்:
சேனாதிபதி, முறுக்கு விற்றவர்,
டிக்கெட் எடுக்காமல் மதில்மேல் இருந்த பையன்கள்,
கிரீடத்தைக் கழற்ற நேரமில்லாத ராணி.
ஒண்ணு, ரெண்டு, இழு என்றேன்.
எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.
தூண்கள் நெல்மேல் சாய்ந்தன,
யானைகள் படுத்தன.
மயில் மட்டும் காற்றில் எழும்பி எழும்பிப் பார்த்தது.
காசிம் போய் அதன் கழுத்தில் உட்கார்ந்தான்,
பட்டுத் தலைப்பாகை தோளில் வழிய,
மழைக்கு முதுகைக் கொடுத்து.
யாரும் சிரிக்கவில்லை.

இருபது நிமிஷம். பிறகு விட்டுவிட்டது.
நனைந்த நாற்காலியைத் துடைத்தபடி ஒருத்தி,
"அப்ப ராஜா தூங்குனாரா இல்லையா?" என்றாள்.
அதற்குள் ஜெனரேட்டருக்குள் தண்ணீர்.

திங்கட்கிழமை லாரி எடைமேடை ஏறியது.
நாற்பது கிலோ குறைவு,
நாலு மூட்டையில் நெல் லேசான நீலம்.
'குறிப்பு' கட்டத்தில் 'மயில்' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் பரோட்டா பொட்டலத்தை நீட்டியபடி
காசிம் குரலைத் தாழ்த்தினான்:
"அன்னைக்கு நான் உக்காந்திருந்தது
அழற மாதிரி இருந்துச்சா?"

மழையில் சரியாகத் தெரியவில்லை என்றேன்.
சால்னா கொஞ்சம் கூடவே ஊற்றியிருந்தான்.